மரபியல் ஆலோசனை யாருக்கு?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

சென்ற பருவத்தில் எங்கள் மரபியல் பேராசிரியர், அவரவர் குடும்பத்தின் மரபுவழி வரைபடத்தை எழுதி வருமாறு பணித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். குறைபாடு உடையவராயின் அதைக் கறுப்பாக்க வேண்டும் என்பது முறை. என் தாயாரின் தம்பிக்குரிய சதுரத்தை நான் கறுப்பாக்கினேன். மாமாவுக்கு வயது 36. பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம் உடையவர். அன்று என் மனத்தில் எழுந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஒரு குடும்பத்தில் பரம்பரையாக வரக்கூடிய குறைபாடு இருப்பின், அது எதனால் வந்தது, மீண்டும் வர எவ்வளவு வாய்ப்பு உண்டு, செய்யத்தக்கவை யாவை என்பவற்றை விளக்கி, முடிவை உரியவரிடமே விட்டுவிடுவது மரபியல் ஆலோசனை ஆகும். இப்பெயரை 1947இல் இட்டவர் அமெரிக்க அறிஞர் ஷெல்டன் ரீட்.

முடிவை உரியவரிடம் விடாத காலமும் இருந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கேரி பக் என்ற இளம்பெண்ணை அறிவு குறைந்தவர் என முத்திரையிட்டனர். அவருக்குக் கருத்தடை அறுவை செய்யலாம் என்று 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் அறிவுத்திறன் குறைந்தவரே அல்லர் என்பதைப் பின்னாளில் ஆராய்ந்தோர் எடுத்துக்காட்டினர்.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். அக்காளுக்கு வரன் பேசியபோது, பிள்ளை வீட்டார் மாமாவைப் பற்றிக் கேட்டனர். ஐயம் தீர, மாமாவையும் அழைத்துக்கொண்டு ஒரு மருத்துவமனைக்குச் சென்றோம்.

டவுன் சிண்ட்ரோம் உடையோருக்கு 21ஆம் குரோமோசோம் மிகுதியாக இருப்பதை 1959இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். இவர்களில் 100க்கு 95 பேரிடம் அந்த மூன்றாவது குரோமோசோம் தனித்து நிற்கும். அது பெரும்பாலும் தற்செயலாக நேர்வது. 3 அல்லது 4 பேரிடம் அது வேறொரு குரோமோசோமுடன் ஒட்டியிருக்கும். ஒட்டிய வகையாயின், நலமாக இருக்கும் உடன்பிறந்தாரும் அதைச் சுமந்து தம் மக்களுக்குக் கடத்தக்கூடும். எந்த வகை என்று அறிய, முதலில் சோதிக்க வேண்டியவர் குறைபாடு உடையவரே. ஆகவே மாமாவின் இரத்தத்தை எடுத்தனர். அவருடையது தனித்து நிற்கும் வகை. அக்காளுக்கு மாமாவின் வழியாகக் கூடுதல் வாய்ப்பு ஏதுமில்லை என்று தெரிந்தது.

எல்லாம் என் தாயாரிடம் தெளிவாக விளக்கப்பட்டது. அருகில் அமர்ந்திருந்த மாமாவிடம் ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. திரும்பும்போது பேருந்தில் அவர் என்னிடம், "எனக்கு என்னடா காய்ச்சல்?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தின் ஐயம் தீர இரத்தம் தந்தவருக்கு, அது எதற்கென்றே தெரியாது!

அறிவுத்திறன் குறைந்தோருக்கு அறியும் உரிமை இல்லையா? உண்டு. அறிவுத்திறன் சிறிது குறைந்த ஒரு பெண்ணின் கருவை அவர் இசைவின்றிக் கலைக்கலாகாது என 2009இல் நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இனப்பெருக்கம் பற்றிய தகவல் அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. அவர்களது முழு இசைவின்றிக் கருத்தடை செய்வதையும் தடுக்கிறது. மேலும், டவுன் சிண்ட்ரோம் உடையோருக்குத் தைராய்டு குறைபாடும், இளவயதிலேயே மறதி நோயும் வரும் வாய்ப்பு மிகுதி. ஆதலால் ஆலோசனை அவர்களது உடல்நலத்துக்கும் உரியது.

சொல்லும் முறைதான் வேறு. முதலில் அவரிடமே பேச வேண்டும். சிறு வாக்கியங்களில், ஒரு வேளைக்கு ஒரு செய்தி மட்டும் சொல்ல வேண்டும். படமோ பொருளோ காட்டலாம். "புரிந்ததா?" என்றால் பலர் நம்மை மகிழ்விக்கவே ஆம் என்பர், எனவே அவர் சொற்களில் திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும்.

விடுமுறையில் நான் திண்ணையில் புளியங்கொட்டைகளை இரண்டிரண்டாக 23 வரிசை அடுக்கினேன். 21ஆம் வரிசையில் ஒன்றைக் கூட்டி வைத்து, "எனக்கு இங்கே இரண்டு; உங்களுக்கு மூன்று. இதைப் பார்க்கத்தான் இரத்தம் எடுத்தார்கள், மாமா" என்றேன்.

"யார் வச்சது?" என்றார்.

"யாரும் வைக்கவில்லை. தானாக வந்தது."

நெடுநேரம் அதையே பார்த்திருந்துவிட்டு, "பாப்பா கல்யாணத்துக்கு என்னால கெடுதல் இல்லையே?" என்று கேட்டார்.

அக்காளைத்தான் அவர் பாப்பா என்பார். ஆக, எங்கள் வீட்டில் பேசிய அனைத்தையும் அவர் கேட்டிருக்கிறார். அத்தனை நாளும் தனியே சுமந்திருக்கிறார். "இல்லை மாமா" என்று நான் சொன்னதை, மாலையில் அவரே என் தாயாரிடம் போய்ச் சொன்னார்.

மரபியல் பயிலும் நண்பர்களே! வரைபடத்தில் கறுப்புச் சதுரம் இடும்போதெல்லாம், அதற்குரியவர் நம் அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை நாம் மறவாதிருப்போமாக.