எரிசாராயம் கலந்த பெட்ரோலும் வரப்புவழி மோட்டார் சைக்கிளும்

தாம்பரத்திற்கு மேற்கே முடிச்சூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம், படப்பை முதலிய ஊர்களிலும், கிழக்கே அகரம்தென், மதுரப்பாக்கம், பொன்மார் ஆகிய இடங்களிலும் மோட்டார் சைக்கிள் என்பது தார்ச்சாலைக்கு மட்டும் உரிய வாகனமன்று. கீரைக்கட்டும் பால் கேனும் அதன்மேல் ஏறியே விடியற்காலையில் சந்தைக்கு வருகின்றன. உரமூட்டையும் மருந்து தெளிப்பானும் அதன்மேல் ஏறியே வயலுக்குப் போகின்றன. இவ்வாறு சாலையை விட்டிறங்கி ஓடும் வண்டிகளில் சில அதற்கென்றே உயரமாகச் செய்யப்பட்டவை. மற்றவை பத்துப் பதினைந்து வயதான சாதாரண வண்டிகள். ஐப்பசி கார்த்திகை மழையில் வரப்பு வழி அடைபட்டு, வண்டி இரண்டு மாதம் கொட்டகையில் நின்று, தை அறுப்புக்கு வேண்டிய சமயத்தில் கிளம்ப மறுப்பது உண்டு. பம்பில் விற்கும் எரிசாராயக் கலப்புப் பெட்ரோலே இதற்குக் காரணம் என்று பலரும் கூறுகின்றனர். இது பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாதவர் தேவையற்ற மருந்துப் புட்டிகளை வாங்கி டாங்கியில் ஊற்றிப் பணத்தை வீணாக்குகின்றனர்.

எரிசாராயம் என்பது இப்போது எத்தனால் என்று வழங்குவதே. கரும்புச் சாறு, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றைப் புளிக்கவைத்து வடித்து, நீரை அறவே நீக்கிப் பெட்ரோலில் கலக்கின்றனர். இது புதிய யோசனையன்று. 1948 ஆம் ஆண்டிலேயே இந்திய எரிசாராயச் சட்டம் என ஒன்று இயற்றப்பட்டது. அது 2000 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. பின்னர் 2003 ஜனவரியில் 9 மாநிலங்களில் 100க்கு 5 பங்கு கலப்பது என்று தொடங்கி, 2022 ஜூனில் 10 பங்கு ஆகி, 2023 பிப்ரவரியில் 20 பங்குக் கலப்பு விற்பனைக்கு வந்து, 2025இல் நாடு முழுவதற்கும் 20 என்ற அளவு எட்டப்பட்டது. ஆகவே 10 லிட்டர் டாங்கியை நிரப்பினால் அதில் 2 லிட்டர் வரை எரிசாராயம் என்று கொள்ள வேண்டும்.

இதனை ஐயமறக் கண்டறிய எளிய பரீட்சை ஒன்று உண்டு. அளவு கோடிட்ட கண்ணாடிக் குழாய் ஒன்றில் 10 மில்லி லிட்டர் தண்ணீரும், அதன்மேல் 50 மில்லி லிட்டர் பெட்ரோலும் விட்டு, மூடிக் குலுக்கிச் சில நிமிஷம் அசையாமல் வைக்கவும். எரிசாராயம் பெட்ரோலை விட்டு நீங்கித் தண்ணீருடன் சேர்ந்து கீழே இறங்கும். 10 ஆக இருந்த அடிப்படலம் சற்றேறக்குறைய 20 ஆகியிருந்தால், 50இல் 10, அதாவது 100க்கு 20 பங்கு கலந்திருக்கிறது என்று பொருள். வெட்டவெளியில், பீடி, விளக்கு, அடுப்பு எதுவும் அருகில் இல்லாமல் இதைச் செய்ய வேண்டும். பரீட்சித்த பெட்ரோலை மீண்டும் டாங்கியில் ஊற்றலாகாது. இம்முறையைக் கண்டு, எல்லாப் பெட்ரோலையும் தண்ணீர் விட்டுக் கழுவி எரிசாராயத்தைப் பிரித்துவிட்டு ஓட்டலாமே என்று சிலர் முயலுகின்றனர். அது மிகத் தவறான முயற்சி. எரிசாராயம் நீங்கிய மிச்சப் பெட்ரோல் யந்திரத்தில் தட்டல் ஓசையை உண்டாக்கும் தாழ்ந்த சரக்கு. ஈரமும் அதில் தங்கும். பெரிய அளவில் கையாளும்போது தீ விபத்துக்கும் இடமுண்டு.

இதே பரீட்சை கலப்புப் பெட்ரோலின் இயல்பு முழுவதையும் காட்டிவிடுகிறது. கலப்பற்ற பெட்ரோலில் தண்ணீர் விழுந்தால் உடனே அடியில் தனியே நின்றுவிடும். கலப்புப் பெட்ரோலோ சிறிது தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொண்டு, தெளிவாகவே தோன்றி, யந்திரத்தில் எரிந்தும் போய்விடும். ஆனால் அளவு மீறினால் எரிசாராயமும் தண்ணீரும் கைகோத்து அடியில் இறங்கிவிடும். 10 பங்குக் கலப்பு 100க்கு சுமார் அரைப் பங்கு தண்ணீர் தாங்கும். 20 பங்குக் கலப்பு அதைவிட அதிகமாகத் தாங்கும். குளிர்ந்த காலத்தில் தாங்கும் சக்தி குறையும். பெட்ரோல் குழாய் டாங்கியின் அடியிலிருந்தே புறப்படுவதால், பிரிந்திறங்கிய கலவையே முதலில் கார்புரேட்டருக்கு வரும். அதில் யந்திரம் ஓடாது.

இவ்விடத்தில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். கடற்கரைக்கு அருகான இப்பகுதியில் காற்றிலுள்ள ஈரமே டாங்கிக்குள் புகுந்து தண்ணீராகக் குவிகிறது என்று சொல்லப்படுகிறது. கணக்கிட்டுப் பார்க்கலாம். 30 டிகிரி வெப்பமும் 100க்கு 80 ஈரமும் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் இருக்கும் நீராவி சுமார் 24 கிராம். அப்படியானால் 10 லிட்டர் கொள்ளும் காலி டாங்கியின் காற்று முழுவதிலும் இருப்பது கால் கிராமே. பகலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் டாங்கி மூச்சு விடும்போது இதிலும் ஒரு சிறு பங்கே மாறுகிறது. ஆகவே மூடிய டாங்கியில் தண்ணீர் சேர்ந்திருந்தால், அது காற்றிலிருந்து வந்ததன்று; மூடியின் வழியாக வந்தது. வெடித்த மூடி ரப்பர், மூடியைச் சுற்றியுள்ள வடிகால் துளையில் சேறு அடைத்து மழைநீர் தேங்குதல், வாய்க்காலில் வண்டி சாய்ந்து விழுதல், சர்வீஸ் நிலையத்தில் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் ஆகிய நான்குமே வழக்கமான வாயில்கள். சேற்று வழியில் ஓடும் வண்டிக்கு வடிகால் துளையை மாதம் ஒரு முறை மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்தால் இவற்றில் பெரும்பகுதி தீரும்.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தின் நிலை வேறு. அங்கே நிற்கும் பெட்ரோல் ஒரு சிறு கரண்டி அளவே. அது வெளிக்காற்றுடன் எப்போதும் தொடர்புடையது. இரண்டு மாதம் வண்டி நின்றால் இலேசான பகுதிகள் ஆவியாகிப் போய், பிசின் போன்ற கசடும், ஈரம் ஏறிய எரிசாராயமும் மிஞ்சும். அலுமினியக் கலவை வெண்பொடி பூக்கும். பித்தளை ஜெட்டுகள் பச்சை பூக்கும். ஸ்லோ ஜெட்டின் துளை தலைமயிர்ப் பருமன் உடையதாகையால் முதலில் அடைபடுவது அதுவே. தை மாதத்தில் கிளம்ப மறுக்கும் வண்டிகளில் கோளாறு பெரும்பாலும் இவ்விடத்திலே தான்.

பரிகாரம் எளிது, செலவும் இல்லை. வண்டியை நிறுத்தி வைக்கும் நாளில் பெட்ரோல் காக்கை மூடி, யந்திரம் தானாக நிற்கும்வரை ஓடவிடவும். பிறகு ஆறவைத்து, கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் தளர்த்தி மிச்சத்தை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடிக்கவும். யந்திரம் நின்றபின்னும் கிண்ணத்தில் சிறிது தங்கியே இருக்கும். வடிக்காமல் விடுவோர் பாதி வேலையே செய்தவராவர். புட்டியில் பிடித்தது ஒரே தெளிவாக இருந்தால் நல்லது. கலங்கியிருந்தாலும், கீழே வேறொரு படலம் தென்பட்டாலும் டாங்கியையும் முழுவதும் வடிக்க வேண்டும். இரும்பு டாங்கியை இரண்டு மாதத்திற்குப் புதிய பெட்ரோலால் நிரப்பி மூடி வைக்கலாம். அதற்கு மேற்பட்ட காலமாயின் காலி செய்து உட்புறம் எண்ணெய் பூசி வைப்பதே நலம்.

பெட்ரோலை யந்திரத்தினுள் பீய்ச்சும் புதுமுறை வண்டிகளுக்கு இவ்வேலை இல்லை. அவற்றில் பம்பு டாங்கிக்குள்ளேயே மூழ்கி, பெட்ரோலாலேயே குளிர்ச்சி பெறுவதால், டாங்கியை வறள விடுவது தான் தீங்கு. அன்றியும் வெளியேறும் புகையிலுள்ள பிராணவாயுவை அறிந்து பெட்ரோல் அளவைத் தாமே திருத்திக்கொள்ளும் கருவி அவற்றில் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பின் செய்யப்பட்ட வண்டிகள் மிகப் பெரும்பாலும் இவ்வகையினவே. 2011இல் வந்த இம்பல்ஸ், 2016இல் வந்த முதல் ஹிமாலயன் முதலிய கரட்டுப்பாதை வண்டிகள் கார்புரேட்டர் உடையவை. அவற்றிற்கு அத்தகைய கருவி இல்லை.

அத்தகைய வண்டிகளில் கலப்பு மாறும்போது என்ன நிகழ்கிறது? ஒரு கிராம் பெட்ரோல் எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். எரிசாராயத்துக்கு 9 கிராமே போதும். 10 பங்குக் கலப்புக்கு இது சுமார் 14.1 எனவும், 20 பங்குக் கலப்புக்கு சுமார் 13.5 எனவும் ஆகிறது. அதாவது 10 பங்குக்குச் சரிசெய்த வண்டிக்கு 100க்கு ஏறக்குறைய 4 பங்கு எரிபொருள் கூடுதலாக வேண்டும். ஜெட் மாறாததால் அது கிடைப்பதில்லை. பிளக்கின் பீங்கான் வெளுத்துப்போதல், விசையைத் தளர்த்தும்போது சைலன்சரில் படபடவென வெடித்தல், காலையில் நெடுநேரம் சோக் கேட்டல் ஆகியன இதன் அடையாளங்கள். முதல் கியரில் சேற்றில் நெடுநேரம் உழலும் வண்டிக்கு இச்சூடு கேடானது. ஆயின் பட்டறைகளில் எடுத்த எடுப்பில் இரண்டு மூன்று எண் பெரிய ஜெட் போடும் வழக்கம் தவறு. துளையின் பரப்பில் 4 பங்கு கூட, விட்டத்தில் 2 பங்கு கூடினால் போதும். முதலில் காற்றுத் திருகைச் சிறிது திருத்திப் பார்த்து, போதாவிடில் ஒரே ஒரு எண் பெரிய மெயின் ஜெட் போடுவதே முறை.

ஓட்டத்தில் நஷ்டம் உண்டா என்றால், உண்டு. லிட்டருக்கு லிட்டர் எரிசாராயத்தின் வெப்பசக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கே. கணக்குப்படி 20 பங்குக் கலப்பில் 7 பங்கு சக்தி குறையும். 2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட நிபுணர் குழு அறிக்கை, கலப்பற்ற பெட்ரோலுக்கு வடிவமைத்து 10 பங்குக்குச் சரிசெய்த இருசக்கர வண்டிகளுக்கு 3 முதல் 4 பங்கு குறைவு என்று மதிப்பிட்டது. லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடிய வண்டி 48 ஓடினால் அது யந்திரக் கோளாறன்று. 40 ஓடினால் குற்றம் வேறெங்கோ இருக்கிறது.

ரப்பர்க் குழாய்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. 2023 ஏப்ரலுக்குப் பின் செய்த வண்டிகளின் பாகங்கள் 20 பங்குக் கலப்பைத் தாங்குமாறு அமைந்தவை. பழைய வண்டியில் குழாய் உப்பி மெதுமெதுத்தாலும், விறைத்து வெடித்தாலும், எரிசாராயம் தாங்கும் குழாயென்று கேட்டு வாங்கி மாற்றவும்; காக்கின் உள் ரப்பரையும் மிதவை ஊசியையும் உடன் மாற்றுவது நன்று. நெடுநாள் துருவும் கசடும் படிந்த டாங்கியில் எரிசாராயம் அவற்றைக் கரைத்து இளக்கும். ஆகவே முதல் சில நிரப்புகளின்போது வடிகட்டியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓடும் புல்வெட்டும் யந்திரம், பழைய இருவீச்சு வண்டி ஆகியவற்றுக்கு ஒரு வார்த்தை. தண்ணீர் பிரிந்த பெட்ரோலில் அடிப்படலத்துக்கு எண்ணெய் சேராது. அது உள்ளே சென்றால் பிஸ்டன் எண்ணெயின்றி உரசிப் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரத்திற்கு வேண்டியதை மட்டுமே கலந்து வைக்கவும். ஆமணக்கெண்ணெய் எரிசாராயத்தில் நன்கு கரையும் என்பது மெய்யாயினும், அதைச் செக்கிலிருந்து வாங்கி ஊற்றுவது இவ்யந்திரங்களுக்கு ஏற்றதன்று.

இனி வெள்ளம். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அவ்வூர்களில் வெள்ளம் புகுந்தது. டாங்கிவரை மூழ்கிய வண்டியை எக்காரணத்தாலும் உடனே உதைத்துக் கிளப்பலாகாது. கலப்பற்ற பெட்ரோல் விற்ற காலத்தில் அடித்தண்ணீரை மட்டும் வடித்துவிட்டு மேலே நின்றதை உபயோகித்து வந்தனர். அவ்வழக்கம் இப்போது உதவாது. கீழே இறங்கியது எரிசாராயமும் தண்ணீரும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும் கலவை; மேலே நிற்பதோ எரிசாராயம் இழந்த தாழ்ந்த பெட்ரோல். இரண்டையும் முழுவதும் வடித்து, கிண்ணத்தையும் குழாயையும் வடித்து, டாங்கியைப் புதிய பெட்ரோல் சிறிதளவால் இருமுறை அலசிய பின்னரே நிரப்ப வேண்டும். எஞ்சின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் அதையும் மாற்றுதல் அவசியம். வடித்ததை வாயால் உறிஞ்சி எடுப்பதும், குடிதண்ணீர்ப் புட்டிகளில் வைப்பதும் உயிருக்கு ஆபத்து. அதனை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமல், மூடியுள்ள இரும்புக் கேனில் சேர்த்து, கழிவு எண்ணெய் சேகரித்து அனுப்பும் பட்டறையில் ஒப்படைக்கவும்.