குறுநகைச்சுவை மாந்தர் திரைப்படமாதல்: ‘பீன்’ (1997)

குறுநகைச்சுவைக் காட்சியில் தோன்றும் மாந்தர் மாறுவதில்லை. ஒரே இயல்போடு மீண்டும் மீண்டும் வருவதே அவரது சிறப்பு. முழுநீளத் திரைக்கதையோ மாற்றத்தை வேண்டி நிற்பது. இம்முரணை மெல் ஸ்மித் இயக்கிய ‘பீன்’ திரைப்படம் எவ்வாறு தீர்க்கிறது என்பது ஆய்விற்குரியது.

1990இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘மிஸ்டர் பீன்’ தொடரில் ரோவன் அட்கின்சன் ஏற்ற மாந்தர் பெரிதும் பேசாதவர். பொருள்களோடு தனித்து மல்லுக்கட்டுபவர். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகையின் நிலைக்களன்களுள் ஒன்றாகச் சுட்டும் பேதைமையே அவரது நகைக்கு அடிப்படை. அப்பேதைமை நீங்கின் நகையும் நீங்கும்.

எனவே, திரைப்படம் மாற்றத்தைப் பிறிதொரு மாந்தர்மேல் ஏற்றுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஓவியக்கூடத்தில் பணிபுரியும் டேவிட் லாங்லி, பீனை அறிஞரெனக் கருதித் தம் இல்லத்தில் தங்கவைக்கிறார். மனைவியும் மக்களும் வீட்டைவிட்டு வெளியேறுகின்றனர். விஸ்லர் தம் தாயைத் தீட்டிய ஓவியத்தைப் பீன் தும்மித் துடைத்துச் சிதைத்தபின், லாங்லியின் பணியும் நிலைகுலைகிறது. இழப்பும் அச்சமும் மீட்சியும் லாங்லிக்கே உரியன. பீன் தொடக்கத்தில் இருந்தவாறே இறுதியிலும் இருக்கிறார்.

இத்தீர்வு முற்றும் குறையற்றதன்று. ஓவியத் திறப்பு விழாவில் பேசாத மாந்தர் உரையாற்ற நேர்கிறது. அங்கு மெய்யால் பிறந்த நகை சொல்லைச் சார்கிறது. எனினும், மாந்தரை நீட்டுவதன்று, அவரைச் சுற்றி மாறத்தக்க மாந்தரை அமைப்பதே இவ்வகை ஆக்கத்தின் அடிப்படை என்பது இதனால் பெறப்படுகிறது.