கார் ஆயில் குடிக்குதா? எஞ்சினைப் பிரிக்கும் முன் அளந்து பாருங்க!

ஆடி மாதச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சுயம்பு சனீஸ்வரர் கோயிலுக்கு வெளியூர் கார்கள் வரிசைகட்டி வரும். தரிசனம் முடித்த குடும்பங்களில் பல, அப்படியே கம்பம் வழியாகக் குமுளிக்கோ, போடி வழியாக மூணாறுக்கோ மலையேறும். கிளம்பும் முன் டயரைத் தட்டிப் பார்க்கிறோம், பெட்ரோல் போடுகிறோம். பானட்டைத் திறந்து ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

"சிவப்பு லைட் எரிஞ்சா பார்த்துக்கலாம்" என்பீர்கள். அந்த விளக்கு ஆயில் அளவைச் சொல்வதில்லை. ஆயில் அழுத்தமே விழுந்துவிட்டது என்று சொல்கிறது. அது எரிந்தால் ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணையுங்கள். அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்த்தால் பேரிங் போய்விடும்.

சரி, ஆயில் குறைகிறது என்று தெரிந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் சில இடங்களில் முதல் வார்த்தையே, "ரிங் போச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்" என்பதுதான். அதற்குத் தலையாட்டும் முன் ஒரு கணக்கு கையில் இருக்க வேண்டும்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சூடான எஞ்சினை அணைத்து, பத்து நிமிடம் பொறுங்கள். ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். மேல் கோடு வரை ஆயில் நிரப்புங்கள். அதற்கு மேல் வேண்டாம், கூடுதலாக ஊற்றினாலும் எஞ்சின் ஆயிலை எரிக்கும். ஸ்டிக்கையும் கிலோமீட்டர் மீட்டரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. ஓடியதும் அதே முறையில் பார்த்து, மேல் கோட்டைத் தொட எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளவுக் குவளையால் அளங்கள். இடையிலும் வாரம் ஒருமுறை ஸ்டிக்கைப் பாருங்கள். கீழ்க் கோட்டுக்கு இறங்கினால் ஊற்றிவிட்டு, ஊற்றிய அளவையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு குறைந்தால் தப்பு? சில கார் கையேடுகளில் 1,000 கி.மீ.க்கு 1 லிட்டர் வரைகூட ஏற்கத்தக்க அளவு என்று போட்டிருப்பார்கள். உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். முதலில் அளப்பதுதான் பெரிய நிறுவனங்களின் வழக்கமும். 2007–2009 கேம்ரி கார்கள் சிலவற்றில் ஆயில் அதிகம் குறைந்தபோது, அமெரிக்காவில் டொயோட்டா 1,200 மைல் ஓடவிட்டு அளந்தது. ஒரு குவார்ட்டுக்கு மேல், அதாவது சுமார் 0.95 லிட்டருக்கு மேல், குறைந்தால்தான் பிஸ்டன், ரிங் மாற்றம்.

குறைகிற ஆயில் ஒன்று ஒழுகும், இல்லை எரியும். ராத்திரி வண்டிக்கு அடியில் பழைய நாளிதழை விரித்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் கறை இருந்தால் டேப்பட் கவர் பேக்கிங், டிரெய்ன் போல்ட், ஆயில் ஃபில்டர் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இவை சின்ன வேலைகள்.

எரிகிறதென்றால் புகை நீலமாக வரும். எப்போது வருகிறது என்பதைக் கவனிக்க நம் மலைப்பாதைகளைவிட நல்ல இடம் கிடையாது. போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் கால் எடுத்து, கியரிலேயே இறங்கி வருகிறீர்கள். கீழே வந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னால் குபுக்கென்று நீலப் புகை வந்து அடங்கினால், வால்வ் சீல் மேல் சந்தேகப்படலாம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் புகைந்து நின்றாலும் அதேதான். ஏற்றத்தில் மிதிக்க மிதிக்கப் புகை விடாமல் வந்தால் ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டர்போ வண்டியென்றால் டர்போவின் சீலையும் பார்க்க வேண்டும். (புகைக்குப் பயந்து நியூட்ரலில் மட்டும் இறங்காதீர்கள். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.)

புகை வந்தாலும் உடனே பிரிக்க வேண்டாம். பி.சி.வி. வால்வு என்று ஒரு சின்ன உதிரி உண்டு. அது அடைத்துக்கொண்டாலும் ஆயில் குறையும். அதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவாக வந்தால், அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு பக்கம். "கெட்டி ஆயில் போட்டா புகை நிக்கும்" என்ற யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். புகை கொஞ்ச நாள் மறையும், நோய் அப்படியே இருக்கும். கையேடு சொல்லும் கிரேடுதான் சரி.

தள்ளிப்போட்டால் செலவு கூடும். எரிந்த ஆயில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும், புகைப் பரிசோதனையிலும் வண்டி தோற்கலாம். செல்லுபடியாகும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

வாரண்டி இருந்தும் கண்டுகொள்ளவில்லையா? ரிங் மாற்றியதாக பில் போட்டும் ஆயில் அதே வேகத்தில் குறைகிறதா? போனில் வைத்த படங்களும் அளவுக் குறிப்பும் இப்போது உதவும். எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இ-ஜாக்ரிதி தளம் வழியாக மனு செய்யலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். மாற்றிய பழைய ரிங், சீல்களைக் கேட்டு வாங்கி வையுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று: வடித்த கழிவு ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். நம் வாய்க்கால் தண்ணீர் போவது நெல் வயலுக்கு.