மடக்குக் கத்திக்கு ஏற்ற எஃகு எது?

பால் வெட்டும் உளியைக் கூராக வைத்திருப்பதைப் பற்றி நம் தோட்டத் தொழிலாளர்க்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. உளி மழுங்கினால் பட்டை பிய்ந்து மரம் காயப்படும், பால் குறையும் என்பதை அவர்கள் நன்கறிவர். ஆனால் சட்டைப் பையிலோ இடுப்பு மடியிலோ கிடக்கும் சிறு மடக்குக் கத்திக்கு அந்தக் கவனத்தில் பாதியும் கிட்டுவதில்லை. கயிறு அறுக்கவும், பாக்குச் சீவவும், பழம் நறுக்கவும், பிரம்பைப் பிளக்கவும் நாள்தோறும் உதவும் அக்கத்தியைக் கடைத்தெருவில் பளபளப்பைக் கண்டே வாங்குகிறோம்.

மழுங்கிய சிறு கத்தியே கையைப் பதம் பார்க்கிறது. கூரற்ற கத்தியை அழுத்தித் தள்ள நேர்கிறது. அது சறுக்கி, பொருளைப் பிடித்திருக்கும் இடக்கையில் பாய்கிறது. கட்டைவிரலில் ஆழமாக வெட்டுப்பட்டவர் உளி பிடிக்க இயலாது. புண் ஆறும்வரை வருமானம் போகும். எனவே கூர் நிற்கக்கூடியதும், நாமே எளிதில் தீட்டிக் கொள்ளக்கூடியதுமான எஃகைத் தெரிந்து வாங்குதல் சிறு காரியமன்று.

எஃகு என்பது இரும்பில் சிறிதளவு கரிமம் கலந்த உலோகமாகும். பெரும்பாலான கத்திகளில் அக்கரிமம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. ஆயினும் கத்தியின் குணத்தை முதலில் முடிவு செய்வது அதுவே. ஏறத்தாழ 0.5 விழுக்காடாவது கரிமம் இருந்தால்தான் நல்ல கூர் நிலைக்கும். செக்கச் சிவக்கக் காய்ச்சிய எஃகை எண்ணெயில் தோய்த்துச் சட்டெனக் குளிர்விக்கும்போது அது இறுகிவிடுகிறது. அப்படியே விட்டால் கண்ணாடிபோல் நொறுங்கும். ஆகவே மீண்டும் ஏறத்தாழ 200 பாகை செண்டிகிரேடு வெப்பத்தில் வைத்துப் பதப்படுத்துகின்றனர். இவ்வாறு பெற்ற கடினத்தை ராக்வெல் என்னும் அளவால் குறிப்பர். மடக்குக் கத்திகள் பெரும்பாலும் 55 முதல் 62 வரை இருக்கும். எண் உயர உயரக் கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் தீட்டுவது கடினமாகும், விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்வதும் உண்டு. ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்னும் இக்கணக்கை விற்பவர்கள் சொல்வதில்லை.

கரிம எஃகு

குரோமியம் சேராத பழைய வகை எஃகே கரிம எஃகு. பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890ஆம் ஆண்டு தோன்றிய ஓபினெல் கத்தி இதற்கு நல்ல சான்று. மரப்பிடி கொண்ட அக்கத்தியின் ஒரு வகையில் ஏறத்தாழ 0.9 விழுக்காடு கரிமம் உள்ளது. சாதாரணக் கல்லில் சில முறை இழுத்தாலே முடியைச் சிரைக்கும் அளவுக்குக் கூரேறும். தீட்டும் சுகத்தில் இதற்கு இணையான எஃகு அரிது.

குறை துருவே. தீபகற்பத்தின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. விடியற்காலைப் பனியும் வியர்வையின் உப்பும் அதனுடன் சேர்கின்றன. பாலை உறையவைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலம் பட்ட கரிம எஃகைக் கழுவாமல் விட்டால் விரைவில் அரிப்புக் காணும். பாக்கும் கொய்யாக்காயும் நறுக்கினால் கத்தி கறுக்கும்; அவற்றிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புடன் சேர்ந்து தரும் நிறம் அது. அக்கறுப்பால் தீங்கில்லை. செம்மஞ்சள் நிறத் துருவையே உடனுக்குடன் துடைத்தெடுக்க வேண்டும்.

துருப்பட்ட கத்தி வெட்டினால் டெட்டனஸ் என்னும் இசிவு நோய் வரும் என்று பலர் கருதுகின்றனர். அந்நோயின் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்வது, துருவில் பிறப்பதன்று. ஆகவே புதுக்கத்தி வெட்டினாலும், காயம் ஆழமாகவோ மண்பட்டதாகவோ இருந்தால் மருந்தகத்திற்குச் சென்று ஊசியைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

துருப்பிடியா எஃகு

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 1913ஆம் ஆண்டு ஹாரி பிரியர்லி என்பவர், துப்பாக்கிக் குழலுக்கு ஏற்ற உலோகத்தைத் தேடும்போது, ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் சேர்ந்த எஃகு எளிதில் துருப்பிடிக்காததைக் கண்டார். குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடி, கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய படலமாக எஃகை மூடிக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே மீண்டும் உண்டாகும். பிரியர்லியின் எஃகில் கரிமம் ஏறத்தாழ 0.24 விழுக்காடே இருந்தது. அக்காலத்துத் துருப்பிடியாக் கத்திகள் கூர் நில்லாதவை என்று பெயரெடுத்ததில் வியப்பில்லை. இன்று கரிமத்தை உயர்த்திச் செய்வதால் அக்குறை பெரிதும் நீங்கிவிட்டது. முன்னர்க் கூறிய ஓபினெல் கத்தியின் துருப்பிடியா வகையில் கரிமம் ஏறத்தாழ 0.6 விழுக்காடும் குரோமியம் 13.5 விழுக்காடும் உள்ளன. எனினும் துருப்பிடியா எஃகு என்பது ஒருபோதும் துருப்பிடிக்காத எஃகு என்று பொருளன்று. உப்புநீரிலோ ஈர உறையிலோ நெடுநாள் கிடந்தால் அதிலும் புள்ளி புள்ளியாகத் துரு காணும்.

எவர்சில்வர் என்றால் காந்தம் ஒட்டாது என்ற எண்ணம் மக்களிடையே உண்டு. சமையல் பாத்திரங்கள் பலவற்றுக்கு அது பொருந்தும். அவற்றில் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. அந்த எஃகைக் காய்ச்சித் தோய்த்து இறுக வைக்க முடியாது. ஆதலால் அது கத்திக்கு ஆகாது. கத்திக்குரிய துருப்பிடியா எஃகில் காந்தம் நன்றாக ஒட்டும். மலிவான கத்தியில் காந்தம் ஒட்டவில்லையாயின் அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒட்டினால் மட்டும் நல்ல கத்தி ஆகிவிடாது. தகர டப்பாவிலும் காந்தம் ஒட்டும் அன்றோ!

இனி, டி2 என்னும் எஃகாலான கத்திகள் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. அதில் 12 விழுக்காடு குரோமியம் இருப்பதால் துருப்பிடிக்காது என்று நினைத்து வாங்குகின்றனர். ஆனால் அதிலுள்ள கரிமம் ஏறத்தாழ 1.5 விழுக்காடு. அவ்வளவு கரிமம் குரோமியத்தில் பெரும்பங்கைத் தன்னுடன் பிணைத்துக் கடினமான துகள்களாக்கி விடுகிறது. படலம் அமைக்க எஞ்சும் குரோமியம் போதாது. ஆகவே கூர் நெடுநாள் நிற்கும்; மழையில் துருவும் ஏறும். 2001ஆம் ஆண்டு வெளிவந்த எஸ்30வி போன்ற தூள் எஃகுகளில் வனேடியம் 4 விழுக்காடு சேர்ந்துள்ளது. அதன் துகள்கள் சாதாரணத் தீட்டுக்கல்லின் மணலைவிடக் கடினமானவை. வைரத்தூள் பதித்த கல் இருந்தால்தான் செம்மையாகத் தீட்ட முடியும். அதற்கு வேறு செலவு.

தோட்டத்தில் அன்றாடம் எடுத்தாள்வதற்கு 0.5 முதல் 0.6 விழுக்காடு கரிமமும், 13 முதல் 15 விழுக்காடு குரோமியமும், 55 முதல் 58 வரை கடினமும் உள்ள துருப்பிடியா எஃகே ஏற்றது என்பது எமது கருத்து. சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனத்தார் தம் கத்திகளின் கடினத்தை 56 அளவிலேயே நிறுத்தியுள்ளனர். மேலும் கடினமாக்கத் தெரியாமல் அன்று; வாங்குவோர் எந்தக் கல்லிலும் தீட்டிக்கொள்ள வேண்டும், விளிம்பு உடைவதைவிட மடிவதே மேல் என்ற நோக்கமே காரணம். மடிந்த விளிம்பை உளி தீட்டும் கல்லில் ஐந்து நிமிடத்தில் நேராக்கலாம். உடைந்த விளிம்பை மீட்க அரை மணி நேரம் உரசினாலும் ஆகாது. நாள்தோறும் கத்தியைத் துடைத்து எண்ணெய் தடவும் பழக்கமுள்ளவர் தயக்கமின்றிக் கரிம எஃகை வாங்கலாம். அப்பழக்கம் இல்லாதவர் வேண்டா.

கத்தியில் 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல் மட்டும் பொறிக்கப்பட்டு, எஃகின் வகை குறிக்கப்படாமலிருந்தால் பெரும்பாலும் கரிமம் குறைந்த எஃகாகவே இருக்கும். பழம் நறுக்க அது போதும்; பிரம்புக்கு நிற்காது.

தீட்டும் முறையில் உளிக்கும் மடக்குக் கத்திக்கும் வேறுபாடு உண்டு. மடக்குக் கத்தியின் இரு பக்கத்தையும் சமமாகத் தீட்ட வேண்டும். கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து அதன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயர்த்திப் பிடித்தால் ஏறத்தாழ 20 பாகைச் சாய்வு கிடைக்கும். விளிம்பில் மெல்லிய பிசிறு தோன்றியபின் மறுபக்கம் திருப்புக. முடிவில் பழைய தோல்வாரில் இழுத்துப் பிசிறைப் போக்குக.

கத்தியின் மூட்டில் ரப்பர்ப் பால் இறங்கி உறைந்தால் கத்தி திறவாது. ஈரமாய் இருக்கும்போதே கழுவிவிட வேண்டும். பால் கெடாமலிருக்கச் சேர்க்கும் அமோனியா பித்தளையைத் தாக்கிப் பிளவுபடச் செய்யும் ஆதலால், பித்தளைப் பூண் உள்ள கத்தியை அந்த வேலையிடத்தில் பயன்படுத்தாமலிருப்பது நன்று. மூட்டுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடலாம். உணவுப் பொருள் நறுக்கும் அலகுக்குத் தேங்காய் எண்ணெயே போதும்.