மென்மையின் வழி

தற்காப்புக் கலை என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது எது? முறுக்கேறிய தோள், ஓங்கிய கை, தரையில் வீழ்ந்து கிடக்கும் எதிரி. 'இது ஆடவர்க்கு உரியது, நமக்கு எதற்கு?' என்று நாமும் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் ஐந்தடி உயரம்கூட இல்லாத ஒரு பெண்மணி, எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக இக்கலையில் மாணவியாகவும் ஆசிரியையாகவும் வாழ்ந்து, அதன் சிகரத்தையே எட்டினார். ஜப்பான் நாட்டில் பிறந்த கெய்கோ ஃபுகுடா அம்மையாரே அவர். அவர் கற்றதையும் கற்பித்ததையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஜூடோ என்பது யாது?

ஜப்பானில் பழங்காலம் முதல் வழங்கிவந்த ஜுஜுட்சு என்னும் போர்முறைகளிலிருந்து, ஆபத்தானவற்றைக் களைந்து, நல்லனவற்றைத் தொகுத்து, 1882-ஆம் ஆண்டில் ஜூடோவை உருவாக்கியவர் ஜிகோரோ கானோ என்னும் கல்வியாளர். டோக்கியோவில் அவர் நிறுவிய பயிற்சிக்கூடத்தின் பெயர் கொடோகான். 'ஜூ' என்றால் மென்மை, வளைந்து கொடுத்தல். 'டோ' என்றால் வழி.

மென்மை எவ்வாறு வெல்லும்? கானோ ஓர் எளிய கணக்கால் இதை விளக்கினார். எதிரியின் வலிமை 10 என்றும், நம்முடையது 7 என்றும் கொள்வோம். அவர் தள்ள, நாமும் எதிர்த்துத் தள்ளினால் நமக்குத் தோல்வியே. அவர் தள்ளும் அளவுக்கு நாம் பின்வாங்கினாலோ, அவர் முன்னே சாய்ந்து நிலை தடுமாறுவார். தடுமாறியவரிடம் எஞ்சும் வலிமை 3 தான். நம்முடைய 7 குறையாமல் இருக்கிறது. அதில் பாதியே அவரை வீழ்த்தப் போதும்!

இக்கலையின் முதற் பாடம் பிறரை வீழ்த்துவதன்று, நாம் விழுவது. தலை தரையில் மோதாதபடி முகவாயை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, கையால் தரையை அறைந்து, விழும் வேகத்தைச் சிதறச் செய்ய வேண்டும். இதை நூற்றுக்கணக்கான முறை பழகிய பின்னரே மற்றவை. விழக் கற்றவளுக்கு விழுவதில் அச்சமில்லை. அச்சம் நீங்கினால் எழுவது எளிது.

மாணவியாக

கெய்கோ 1913-ஆம் ஆண்டு டோக்கியோவில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். அக்கால வழக்கப்படி அழகிய எழுத்து, மலர் அலங்காரம், தேநீர் வழங்கும் சடங்கு முதலியவற்றைக் கற்று வளர்ந்தார். அவருடைய பாட்டனார் ஹச்சினோசுகே ஃபுகுடா, இளமையில் கானோவுக்கு ஜுஜுட்சு கற்பித்த ஆசான். அந்த நன்றியை மறவாத கானோ, ஆசானின் பேத்தியைத் தம்மிடம் பயில வருமாறு தாமே அழைத்தார்.

கொடோகானில் மகளிர் பிரிவு 1926-இல் தொடங்கப்பெற்றிருந்தது. கெய்கோ தம் தாயாருடன் சென்று பயிற்சியைப் பார்வையிட்டார். சில மாதங்கள் கழித்து, 1935-இல் சேர்ந்தார். அங்கே பயின்ற பெண்கள் 24 பேரே. தாயும் தமையனும் இசைந்தனர். மாமா ஒருவர் எதிர்த்தார். ஜூடோ வீரர் ஒருவரை மணந்து இவள் இல்லறம் நடத்துவாள் என்பதே தாயாரின் எண்ணம். ஆனால் மணம் புரிந்தால் ஜூடோவைக் கைவிட நேரும் என்ற நிலை வந்தபோது, கெய்கோ கலையையே தேர்ந்தெடுத்தார். இறுதிவரை மணம் செய்துகொள்ளவில்லை. எவ்வளவு பெரிய விலை!

ஆசிரியையாக

சேர்ந்த இரண்டே ஆண்டுகளில், 1937-இல், அவர் பயிற்றுநரானார். மறு ஆண்டு கானோ மறைந்தார். ஆசானின் கலையை உலகெங்கும் கொண்டு செல்வதே மாணவியின் வாழ்நாள் பணியாயிற்று. 1953-இல் அமெரிக்கா சென்று கற்பித்தார். 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 'ஜூ நோ கட்டா' என்னும் பயிற்சியைச் செய்து காட்டினார்.

இப்பயிற்சியைப் பற்றி நாம் அறிதல் நலம். தாக்குபவர் ஒருவர், தடுப்பவர் ஒருவர் என இருவர் சேர்ந்து செய்யும் 15 அசைவுகள் கொண்டது இது. ஐந்து ஐந்தாக மூன்று பகுதிகள். யாரும் யாரையும் தூக்கி எறிவதில்லை. ஆடையைப் பற்றி இழுப்பதுமில்லை. எதிரியின் நிலை குலையும் அந்தக் கணத்தை மெதுவாக, நடனம்போல், உணர்ந்து பழகுவதே நோக்கம். சாதாரண உடையிலேயே பழகலாம். அம்மையார் உலகெங்கும் தேர்ந்து கற்பித்தது இதனையே.

1966-இல் மீண்டும் அமெரிக்கா சென்றவர், ஓக்லண்டு நகரில் மகளிர் கல்லூரியாக விளங்கிய மில்ஸ் கல்லூரியில் 1967 முதல் 1978 வரை பணியாற்றினார். சான்பிரான்சிஸ்கோவில் பெண்களுக்கென ஒரு ஜூடோ மன்றத்தையும் வளர்த்தார்.

தடையும் விடையும்

ஜூடோவில் கறுப்புப் பட்டை பெற்றவர்க்கு 'டான்' என்னும் படிநிலைகள் உண்டு. பெண்கள் ஐந்தாம் டானுக்கு மேல் உயர இயலாது என்பது அன்றைய விதி. அம்மையார் 1953-இல் அந்த நிலையை எய்திவிட்டார். அதன்பின் அவரைவிட இளைய ஆடவர்கள் அவரைக் கடந்து மேலேறினர். அவரோ கற்பிப்பதை நிறுத்தவில்லை. அவர் சார்பில் குரல் எழுப்பியவர்கள் அவருடைய ஆதரவாளர்களே. கடிதங்கள் பறந்தன. 1972-இல் கொடோகான் தன் விதியைத் தளர்த்தி, அவருக்கும் மசாகோ நோரிடோமி அம்மையாருக்கும் ஆறாம் டான் வழங்கியது. பூட்டிய கதவு திறந்தது!

1980-இல் பெண்களுக்கான முதல் உலக ஜூடோப் போட்டி நியூயார்க்கில் நடந்தது. 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் மகளிர் ஜூடோ பதக்கப் போட்டியாயிற்று. 2006-இல் கொடோகான் அம்மையாருக்கு ஒன்பதாம் டான் வழங்கியது. 2011-இல், தம் 98-ஆம் வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பிடமிருந்து பத்தாம் டான் பெற்றார். இந்நிலையை எய்திய முதற் பெண்மணி அவரே. தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் பயிற்சிக்கூடத்துக்கு வந்து மாணவியரைத் திருத்திய அவர், 2013-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் மறைந்தார்.

நாம் பெறும் பாடம்

வலிமையாய் இரு, மென்மையாய் இரு, அழகாய் இரு என்பதே அவர் தம் வாழ்வுக்கு வகுத்துக்கொண்ட நெறி. மென்மை என்பதைப் பணிந்து போவதென்றே நமக்குச் சொல்லிவருகிறார்கள். அம்மையார் கற்பித்த மென்மையோ நிலை தடுமாறாத மென்மை. தள்ளுபவர் தள்ளட்டும், நம் கால் ஊன்றிய இடம் நமக்குத் தெரிந்திருந்தால் போதும். பட்டம் தாமதமாகலாம், பயிற்சி தாமதமாகலாகாது.

தோழியரே, சிலம்பமோ ஜூடோவோ, வாய்ப்புக் கிட்டுமாயின் கற்போம். பெற்றோரே, எங்களைக் கற்க விடுங்கள். கற்றதை நமக்கு அடுத்து வரும் தங்கையருக்குச் சொல்லிக் கொடுப்போம். கற்பித்தவர்க்கு நாம் செலுத்தும் நன்றிக் கடன் அதுவே.