வம்சாவழி சொல்லத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது

உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டு, பரம்பரை நரம்பு நோய்களை ஆராயப் போகிறேன் என்று நிற்கும் தீவகத்துப் பிள்ளைக்கு முதலில் ஒரு கேள்வி. உங்கள் அப்பம்மாவோடு கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், யார் எங்கே கலியாணம் செய்தார்கள், யார் எந்த வயதில் என்ன வருத்தத்தில் மோசம் போனார்கள்? கடதாசி பாராமல் சொல்ல முடிந்தால் இந்தத் துறைக்கான பாதித் தகுதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. மீதியைப் பல்கலைக்கழகம் தரும்.

வெனிசுவேலாவின் மரக்காய்போ ஏரிக்கரைக் கிராமங்களுக்கு நான்சி வெக்ஸ்லர் 1979இல் போகத் தொடங்கியபோது அவருடைய பெரிய கருவி வம்சாவழிப் படம்தான். அவருடைய தாயே ஹண்டிங்டன் நோயால் இறந்தவர். கரையோரக் குடும்பங்களை வருடாவருடம் சந்தித்து, யார் யாருக்குப் பிள்ளை என்று எழுதி, இரத்தம் சேகரித்தார்கள். 1983இல் நான்காம் நிறமூர்த்தத்தில் நோயின் தடயம் அகப்பட்டது. மரபணுவே கைக்கு வர 1993 ஆகிவிட்டது. அதே வருடம் ஹூடா சோக்பி, ஹாரி ஓர் ஆகியோரின் குழுக்கள் எஸ்சிஏ 1 என்ற தள்ளாட்ட நோயின் மரபணுவையும் பிடித்தன. இரண்டு நோயிலும் கோளாறு ஒரே மாதிரி: டிஎன்ஏயில் சிஏஜி என்ற மூன்றெழுத்து அளவு மீறித் திரும்பத் திரும்ப வரும். தலைமுறை இறங்க இறங்க அது நீளலாம். நீண்டால் நோயும் இளவயதிலேயே வரும்.

எஸ்சிஏ 1 நமக்குத் தூரத்து விடயம் அல்ல. தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தவரிடையே நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்த நோய் இருந்ததாக 2005இல் ஓர் ஆய்வு வந்தது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு பங்கெடுத்து 2013இல் வெளியான ஆய்விலும், பெற்றோரில் ஒருவரிடமிருந்தே இறங்கும் தள்ளாட்ட நோய்களில் முதலிடம் இதற்குத்தான். நடை தடுமாறும், பேச்சுக் குழறும், பிறகு விழுங்கவும் கஷ்டமாகும். பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதில் தொடங்குவதால் அதற்குள் பிள்ளைகளும் பிறந்திருப்பார்கள். பனங்கள்ளு இறக்கும் ஊரில் இப்படி நடப்பவருக்கு என்ன பெயர் கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. “காலமையே வெறி.”

ஆகவே நெடுந்தீவு வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு “உங்கட குடும்பத்தில பரம்பரை வருத்தம் இருக்கோ?” என்று கேட்காதீர்கள். “இல்லை” என்றுதான் பதில் வரும். வள்ளத்தில் நின்று வலை இழுத்தவர் யாராவது பிறகு நிற்க முடியாமல் தொழிலை விட்டாரா, தண்ணீர் குடித்தாலே புரைக்கேறியவர் இருந்தாரா, குடியால் செத்தவர் என்று ஊர் சொல்லும் பெரியப்பா உண்மையில் குடித்தாரா என்று கேளுங்கள். நயினாதீவில் ஆனித் திருவிழா நல்ல சமயம். ரொறன்ரோவிலும் பாரிசிலும் உள்ள கிளைகளும் வந்து நிற்கும். ஆனால் தேர் நாளில் கேள்விக்கொத்தோடு போகாதீர்கள், அடுத்த நாள் போங்கள்.

“சொந்தத்துக்குள்ள முடிச்சதால வந்தது” என்ற பேச்சு எங்கும் வரும். எஸ்சிஏ 1க்கும் ஹண்டிங்டனுக்கும் அது பொருந்தாது. நோயுள்ளவர் மச்சாளைக் கட்டினாலும் வெளியூரில் கட்டினாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு சரிபாதி. சொந்தத் திருமணம் கணக்கில் வருவது இரு பக்கத்திலிருந்தும் மரபணு சேரவேண்டிய நோய்களில்தான். இதைத் தெளிவாகச் சொல்லாவிட்டால் பழி முழுவதும் ஒரு தாயின் தலையில் விழும்.

இரத்த மாதிரிக்குக் கடல் பெரிய தடை இல்லை. ஊதா மூடிக் குழாயில் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் டிஎன்ஏ சில நாட்கள் தாங்கும். சோளகத்தில் குறிகாட்டுவான் படகு பிந்தினாலும் பயமில்லை. ஹெப்பாரின் குழாயில் மட்டும் எடுக்காதீர்கள், அது பிசிஆரைக் குழப்பும். இன்னொன்று: விலை கூடிய எக்ஸோம் பரிசோதனை ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால் நம்பி விடாதீர்கள். சிஏஜி போலத் திரும்பத் திரும்ப வரும் நீண்ட எழுத்துத் தொடர்கள் அதில் தப்பிவிடும். அவற்றுக்கென்றே தனிப் பரிசோதனை கேட்கவேண்டும்.

படிப்பு வழிகள் பல. யாழ் மருத்துவ பீடம் 1978இலிருந்து இயங்குகிறது. வைத்தியரானால் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் வழியாக நரம்பியலுக்குப் போகலாம். ஆய்வுகூட விஞ்ஞானமும் தாதியமும் யாழ்ப்பாணத்திலேயே உண்டு, இயன்மருத்துவத்துக்குப் பேராதனை. ஆய்வு உதவியாளர் பதவிகள் பெரும்பாலும் திட்டப் பணம் தீரும்வரைதான், அதனால் வீட்டுப் பொறுப்பு உள்ளவர் முதலில் ஒரு நிரந்தர வேலையைப் பிடித்துக்கொண்டு ஆய்வில் சேர்வதே புத்தி.

படிப்பைவிடக் கடினமானது வாயைக் கட்டுவது. கலியாணம் பேசும் நேரத்தில் உங்களிடம் தூது வரும். வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நோய் வருமா என்று முன்கூட்டியே பார்க்கும் பரிசோதனை, வயது வந்தவர் தானே விரும்பிக் கேட்டால் மட்டும். மாப்பிள்ளை வீட்டுக்காக அல்ல, பிள்ளைகளுக்கும் அல்ல. பேத்தி சோதிக்க வருகிறாள், தகப்பன் மறுக்கிறார், அப்பப்பாவுக்கு ஏற்கெனவே நோய் என்றால் நில்லுங்கள். அவளுடைய முடிவு தகப்பனுடைய முடிவையும் சொல்லிவிடலாம். முதலில் ஆலோசனை, பிறகு ஊசி. பெறுபேற்றைத் தொலைபேசியில் சொல்லக்கூடாது. வம்சாவழிப் படத்தில் பெயருக்குப் பதில் இலக்கம் போடுங்கள். சஞ்சிகைக்கு அனுப்பும்போது தீவின் பெயரை எடுத்துவிட்டு ஆண், பெண் அடையாளங்களையும் மறையுங்கள். எட்டுப் பிள்ளைகள், அதில் மூன்றாவது இரட்டையர் என்றால் ஸ்காபரோவில் உள்ளவருக்கு இலக்கமும் ஒன்றுதான், பெயரும் ஒன்றுதான்.

எஸ்சிஏ 1ஐ நிறுத்த மருந்து இல்லை. நடைப்பயிற்சியும் விழுங்கும் பயிற்சியும் வாழ்க்கையை இலகுவாக்கும். அதனாலேயே மருந்து உள்ள வில்சன் நோயைத் தவறவிடாதீர்கள். ஈரலிலும் மூளையிலும் செம்பு சேரும் இந்த நோயில் இளவயதிலேயே கை நடுங்கும், பேச்சு மாறும், பள்ளியில் குழப்படி என்று பெயர் வரும். கண் வைத்தியர் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையத்தைக் காணலாம், சிறுநீரில் செம்பை அளக்கலாம். பெனிசிலமைனும் துத்தநாகமும் வேலை செய்யும். கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு, அறிகுறி வருமுன் தொடங்கினால் நோயே தெரியாமல் வாழலாம். அண்ணனுக்கு நோய் உறுதியான கிழமையே தம்பி, தங்கச்சிமாரையும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வரச்சொல்லி, படகு நேரத்தையும் நீங்களே கேட்டு எழுதிக் கொடுங்கள்.