தோட்டத்து ரயில் நிலையத்தை எதில் செதுக்கலாம்?



வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் ஒரு நாள் மாலை என்னிடம் வந்தான். "சார், வீட்டுக்குப் பின்னால் பொம்மை ரயில் ஓட்டப் போகிறேன். ஸ்டேஷனைத் தெர்மாகோலில் செய்துவிடட்டுமா?" என்று கேட்டான். "செய்யலாம். ஆனால் நிற்காது" என்றேன். ஏன் நிற்காது? வெயிலிலும் மழையிலும் நிற்பதற்கு எந்தப் பொருள் ஏற்றது? இதைச் சற்று ஆராய்வோம்.

முதலில் அளவு

தோட்டத்தில் ஓட்டும் மாதிரி ரயில்களுக்குப் பரவலாகப் பயன்படும் தண்டவாள இடைவெளி 45 மி.மீ. ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரில் லேமான் நிறுவனம் 1968-இல் இந்த இடைவெளியில் ஓடும் தோட்ட ரயில்களை அறிமுகப்படுத்தியது. நம் மீட்டர் கேஜ் பாதையின் இடைவெளி 1000 மி.மீ. இதை 45-ஆல் வகுத்தால் சுமார் 22 வருகிறது. ஆகவே, மதுரை - போடி வழியில் 2010 இறுதி வரை ஓடிய மீட்டர் கேஜ் ரயிலை, 22-இல் ஒரு பங்காகச் சுருக்கித் தோட்டத்தில் ஓட்டலாம்! 4.4 மீட்டர் உயரமுள்ள சுவர் 20 செ.மீ. ஆகும். 7.5 செ.மீ. உயரமுள்ள செங்கல் 3.4 மி.மீ. ஆகும். இந்த 3.4 மி.மீ. என்பதை நினைவில் வையுங்கள்.

துளை எவ்வளவு பெரியது?

செதுக்குவதற்கு எளிதான பொருள்கள் பெரும்பாலும் துளைகள் நிறைந்தவை. தெர்மாகோல் என்பது பாலிஸ்டைரீன் மணிகளை நீராவியில் ஊதவைத்து ஒட்டியது. ஒவ்வொரு மணியும் சில மி.மீ. பருமன் உள்ளது. செங்கல் வரியே 3.4 மி.மீ. என்றால், ஒரு மணி உதிர்ந்தாலே ஒரு செங்கல் போய்விடும் அல்லவா?

கட்டடம் கட்டும் இடங்களில் 'ஏ.ஏ.சி.' என்னும் எடை குறைந்த கல்லைப் பார்த்திருப்பீர்கள். சிமெண்ட், சுண்ணாம்பு, அனல் மின் நிலையச் சாம்பல் ஆகியவற்றைக் குழம்பாக்கி, சிறிது அலுமினியத் தூள் சேர்க்கிறார்கள். ஹைட்ரஜன் வாயு தோன்றிக் குழம்பு இட்லி மாவைப் போலப் பொங்குகிறது. பிறகு அதைத் துண்டுகளாக அறுத்து, உயர் அழுத்த நீராவியில் இறுக வைக்கிறார்கள். இதன் துளைகள் பெரும்பாலும் ஓரிரு மி.மீ.க்குள் அடங்கும். ஆணியால் கீறினாலே செங்கல் வரி விழும்.

நம் முன்னோரும் துளைப் பொருளை அறிவார்கள். தஞ்சைக் கலைஞர்கள் நெட்டிச் செடியின் வெண்மையான தண்டில் பெரிய கோயிலையே செதுக்குகிறார்கள். 2020-இல் இக்கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் நெட்டிக் கோயிலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பதைக் கவனியுங்கள். அது வெளியில் வைக்கும் பொருளன்று.

காற்று தள்ளுமா?

நம் நிலையம் 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. உயரம் என்று கொள்வோம். பருமன் 9000 கன செ.மீ. தெர்மாகோலின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 20 கி.கி.; ஏ.ஏ.சி. கல்லுக்குச் சுமார் 600 கி.கி. ஆகவே தெர்மாகோல் நிலையம் 180 கிராம், கல் நிலையம் 5.4 கி.கி.

நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 60 நியூட்டன் அழுத்தம் தரும். 0.06 சதுர மீட்டர் சுவரில் இது 3.6 நியூட்டன். தெர்மாகோல் நிலையத்தின் எடையோ 1.8 நியூட்டன்தான்! அது புரண்டுவிடும். கல் நிலையத்தின் எடை 53 நியூட்டன், அசையாது.

இது வெறும் கணக்கன்று. 2017 ஏப்ரலில் வைகை அணையின் நீர் ஆவியாகாமல் காக்கத் தெர்மாகோல் தகடுகளை மிதக்கவிட்டார்கள். சிறிது நேரத்தில் காற்று அவற்றைக் கரைக்கு ஒதுக்கிவிட்டது.

மழையும் வெயிலும்

தெர்மாகோலின் நுண்ணறைகள் மூடியவை; நீர் எளிதில் புகாது. ஆனால் புற ஊதாக் கதிர் பட்டால் மஞ்சளித்துப் பொடியாகும். பெயிண்ட் பூசலாமே என்பீர்கள். நானும் ஒரு முறை தின்னர் கலந்த பெயிண்டைப் பூசினேன். சுவர் கரைந்து குழிவிழுந்தது! உதிரும் மணிகள் கண்மாயில் சேர்ந்தால் மட்குவதும் இல்லை. அலங்காரத்துக்குத் தெர்மாகோல் பயன்படுத்துவது 1-7-2022 முதல் நாடெங்கும் தடை செய்யப்பட்டுள்ளது.

ஏ.ஏ.சி. கல்லை வெயில் ஒன்றும் செய்யாது. ஆனால் அது தந்துகிக் கவர்ச்சியால் நீரை உறிஞ்சும். குளிர்நாடுகளில் அந்த நீர் உறையும்போது பருமனில் 9 சதவீதம் விரிந்து கல்லை வெடிக்கச் செய்யும். மதுரையில் நீர் உறைவதில்லை. அந்தக் கவலை நமக்கு இல்லை. பாசி படியாதிருக்கச் சிமெண்ட் பால் பூசி, அதன்மேல் எமல்ஷன் அடித்து, ஒரு செங்கல் மேல் ஏற்றி வைத்தால் போதும்.

ஆக, சுவருக்கு ஏ.ஏ.சி. கல்லே ஏற்றது. கட்டடம் கட்டுபவரைக் கேட்டால் உடைந்த துண்டு கிடைக்கும். பழைய ஆக்ஸா பிளேடு, அரம், ஆணி ஆகியவையே கருவிகள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: இதன் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் சிலிகா உண்டு. கல்லை நனைத்து, மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில், பெரியவர் ஒருவரின் துணையோடு அறுங்கள்.

செய்து பாருங்கள்

10 × 10 × 5 செ.மீ. அளவில் ஏ.ஏ.சி. கல் ஒன்றையும், பெட்டிகளில் வந்த பழைய தெர்மாகோல் ஒன்றையும் வெட்டி எடை போடுங்கள். வாளி நீரில் இடுங்கள். கல்லும் மிதக்கும்! பிறகு இரண்டையும் கனமான பொருளால் அழுத்தி ஒரு நாள் மூழ்க வைத்து, மேல் ஈரத்தைத் துடைத்து மீண்டும் எடை போடுங்கள். எத்தனை கிராம் கூடியதோ, அத்தனை கன செ.மீ. நீர் துளைகளில் புகுந்திருக்கிறது. எந்தப் பொருளில் திறந்த துளைகள் அதிகம் என்பதை உங்கள் தராசே சொல்லிவிடும்.